கார்ல் அமாதேயுஸ் ஹார்ட்மன்: 12 ஆண்டுகள் மௌனம் காத்தவர் என்று அவரைச் சொல்வது சரியா?

செல்லூர்க்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரை செல்லூரில் வசிக்கிறேன். 14 ஆண்டுகளாகக் கர்நாடக வயலின் கற்று வருகிறேன். மேற்கத்திய இசையில் எனக்கு முறையான பயிற்சி இல்லை, கேட்ட பழக்கம் மட்டுமே உண்டு. நரிமேட்டில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, ஒரே ஒரு படைப்பை முழுதாகக் கேட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியது என் முறை. நான் எடுத்துக்கொண்டிருப்பது ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் அமாதேயுஸ் ஹார்ட்மன் 1939-இல் தனி வயலினுக்கும் தந்தி இசைக்குழுவுக்கும் எழுதிய 'கொன்சேர்தோ ஃபூனெப்ரே'.

இதை ஏன் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்ற பங்குனியில் உசிலம்பட்டிக்கு அருகே எங்கள் ஊரில் அப்பத்தா இறந்துபோனார். வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். ஒருவர் ஓரடியை எடுத்துப் பாடி நிறுத்துவார். மற்றவர்கள் அந்த அடியின் கடைசிச் சொல்லைப் பிடித்து இழுத்து அழுவார்கள். பிறகு அடுத்த அடி. காரியமெல்லாம் முடிந்து ஊர் திரும்பும்போது, பேருந்தில் கைப்பேசியில் தற்செயலாக இந்தப் படைப்பு ஓடத் தொடங்கியது. வயலின் தனியாக ஓரடி சொல்லி நிறுத்துகிறது, மற்றத் தந்திகள் குறுக்கே வந்து ஒரு சொல் சொல்லுகின்றன, மீண்டும் வயலின். ஆரப்பாளையம் வந்து இறங்கும்வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

பிறகு அவரைப் பற்றிப் படித்தபோது, 1933 முதல் 1945 வரை, நாஜிகளின் ஆட்சி நடந்த காலம் முழுவதும், அவர் சொந்த நாட்டில் மௌனமாக இருந்தார் என்று பல இடங்களில் கண்டேன். அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. இத்தகைய இசையை அந்த ஆண்டுகளிலேயே எழுதியவரை மௌனமாக இருந்தவர் என்று எப்படிச் சொல்வது? மேலும் அந்தத் தொடக்கப் பாட்டு அவருடைய சொந்த மெட்டா, வேறெங்கிருந்தாவது எடுத்ததா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

திருநகர் இரசிகர் எழுதியது:

அம்மா, நல்ல படைப்பைத் தேர்ந்திருக்கிறீர்கள். ஒப்பாரியோடு நீங்கள் ஒப்பிட்டதும் பொருத்தமாகவே இருக்கிறது. 'ஃபூனெப்ரே' என்ற சொல்லே இறுதிச்சடங்கைக் குறிப்பதுதான். இந்தப் படைப்புக்கு அவர் முதலில் இட்ட பெயரும் 'துயர இசை' என்ற பொருளிலேயே இருந்தது.

தொடக்கப் பாட்டு அவருடைய சொந்த மெட்டு அன்று. செக் நாட்டில் 15-ஆம் நூற்றாண்டில் ஹூஸ் என்ற சமயச் சீர்திருத்தவாதியைப் பின்பற்றியவர்கள் போர்க்களத்தில் பாடிய, 'கடவுளின் வீரர்களே' என்று அழைக்கும் பாட்டு அது. செக் இசையமைப்பாளர் ஸ்மெட்டானா தம் 'என் தாயகம்' என்னும் சிம்பொனித் தொகுதியில் இதே பாட்டை முழக்கமாகப் பயன்படுத்தியிருக்கிறார். செக் மக்களுக்கு அது கிட்டத்தட்ட நாட்டுப்பண் போன்றது. ஹார்ட்மன் இதை எழுதிய ஆண்டை நினைத்துப் பாருங்கள். 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை செக் தலைநகர் பிராகாவுக்குள் நுழைந்தது. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில், போரும் தொடங்கிவிட்ட நிலையில், மியூனிக்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஜெர்மானியர், தம் நாடு விழுங்கிய நாட்டின் போர்ப்பாட்டை எடுத்து, அதை முழக்கமாக அல்லாமல் ஒற்றை வயலினின் மெல்லிய குரலில் எழுதுகிறார். கேட்டவருக்குப் புரியும், புரிந்தவர் ஜெர்மனியில் அதை மேடையேற்ற முடியாது. 1940-இல் சுவிட்சர்லாந்தில் சாங்க்ட் காலன் நகரில்தான் அது முதலில் ஒலித்தது. நாம் இன்று கேட்பது அவர் 1959-இல் திருத்தி அமைத்த வடிவம்.

கடைசிப் பகுதியையும் கவனியுங்கள். நான்கு பகுதிகளும் இடைவெளியின்றித் தொடர்ந்து, ஏறத்தாழ 20 நிமிடம் வாசிக்கப்படுவதால் எங்கே எது தொடங்குகிறது என்பது முதல் தடவை பிடிபடாது. அடாஜியோ என்ற நீண்ட, மெதுவான பகுதியும் அதன்பின் அடித்துப் பெயர்க்கிற வேகப் பகுதியும் முடிந்ததும் மெதுவான நடையில் ஒரு பாட்டு வரும். அது புரட்சியில் இறந்தவர்களுக்காக ரஷ்யாவில் சவ ஊர்வலங்களில் பாடப்பட்ட பாட்டு. ரஷ்ய இசையமைப்பாளர் ஷொஸ்டக்கோவிச் தம் 11-ஆவது சிம்பொனியில் எடுத்தாண்டிருப்பதும் இதுவே. ஆக, செக் பாட்டில் தொடங்கி ரஷ்யப் பாட்டில் முடிகிறது. நடுவில் இருப்பது மட்டும்தான் ஜெர்மானியருடையது. தெரிந்தே அவர் இப்படி அமைத்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன்.

இனி மௌனம் என்ற சொல்லுக்கு வருகிறேன். ஹார்ட்மன் 1905 ஆகஸ்டு 2 அன்று மியூனிக்கில் ஓர் ஓவியர் குடும்பத்தில் பிறந்தார். அண்ணன்மார் ஓவியர்களானார்கள், இவர் டிராம்போன் என்ற ஊதுகருவியும் இசையமைப்பும் பயின்றார். 1919-இல் பவேரியாவில் தொழிலாளர் எழுச்சி நசுக்கப்பட்டபோது 13 வயதுச் சிறுவனாக அதை அருகிலிருந்து பார்த்தவர். இடதுசாரிச் சார்பு கடைசிவரை போகவில்லை. ஹெர்மன் ஷெர்ஷன் என்ற இசை நடத்துநர் அவருக்கு ஆசானாகவும் காப்பாளராகவும் அமைந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஷெர்ஷன் நாட்டைவிட்டு வெளியேறினார், ஹார்ட்மன் வெளியேறவில்லை. வெளியேறாமலேயே ஜெர்மானிய இசையரங்குகளிலிருந்து விலகிக்கொண்டார். ஆனால் எழுதினார். 1933-இல் எழுதிய முதல் நால்வர் தந்தியிசையில் யூத மெட்டின் சாயலைக் கொண்டுவந்தார். அது 1936-இல் ஜெனீவாவில் முதற்பரிசு பெற்றது. 'மிசெரே' என்ற இசைக்குழுப் படைப்பை 1935-இல் பிராகாவில் ஷெர்ஷன் நடத்தினார். அதன் முதல் பக்கத்தில், நூற்றுக்கணக்கில் மடிய நேர்ந்த தம் நண்பர்களை மறக்கமாட்டோம் என்று எழுதி, அதன் கீழே 'டாஹௌ' என்ற ஊர்ப்பெயரையும் 1933/34 என்ற ஆண்டையும் குறித்திருந்தார். டாஹௌ வதைமுகாம் 1933 மார்ச்சில் திறக்கப்பட்டது. மியூனிக்கிலிருந்து அங்கே போக, நம் ஊரிலிருந்து திருமங்கலம் போகும் தூரம்கூட ஆகாது. எதுவும் எங்களுக்குத் தெரியாது என்று போருக்குப் பின் அந்த நகரத்தில் பலர் சொன்னார்கள். முதல் ஆண்டிலேயே தெரிந்திருந்தது என்பதற்கு அந்த ஒரு பக்கம் சாட்சி.

மௌனம் என்பதைக் காட்டிலும், வாசற்கதவைச் சாத்திவிட்டு உள்ளே விளக்கேற்றி வைத்திருந்தார் என்று சொல்லலாம்.

மேலூரிலிருந்து ஒருவர் எழுதியது:

திருநகர் ஐயா எழுதியவற்றில் தகவல் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் பேசும்போது இதை ஒரு வீரக்கதையாக மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஹார்ட்மன் 1934-இல் எலிசபெத்தை மணந்தார். மனைவி வீட்டார் வசதி படைத்தவர்கள். ஓர் இசையமைப்பாளர் 12 ஆண்டுகள் சம்பளமின்றி, மேடையின்றி இருந்துகொண்டு முழுநேரமும் எழுத முடிந்தது என்றால், அந்த அடுப்பில் விறகு வைத்தவர்கள் மாமனார் மாமியார்தான். இதைச் சொல்வதால் அவருடைய பெருமை குறைந்துவிடாது. ஆனால் சொல்லாமல் விட்டால், அப்படி விலகிக்கொள்ள முடியாமல் ஏதோ ஓர் இசைக்குழுவில் பிழைப்புக்காக வாசித்துக்கொண்டிருந்த சாதாரணக் கலைஞர்கள் அனைவரையும் கோழைகள் ஆக்கிவிடுகிறோம். எலிசபெத்தின் பெயரையும் தயவுசெய்து கூட்டத்தில் சொல்லுங்கள்.

இன்னொன்று. 1942-இல் அவர் வியன்னாவுக்கு அருகே இருந்த ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஆன்டன் வேபெர்னிடம் பாடம் கேட்கப் போனார். வேபெர்னின் இசையை நாஜிகள் இழிந்த கலை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆயினும் வேபெர்ன் ஜெர்மனியின் வெற்றியை விரும்பியவர். அரசியலில் தமக்கு நேரெதிரான ஒருவரிடம், 37 வயதில், ஏற்கெனவே பல பெரிய படைப்புகளை எழுதி முடித்த பிறகு, ஒரு மாணவனைப் போல உட்கார்ந்து சுரம் சுரமாகப் பகுத்துப் படித்திருக்கிறார். அந்தப் பணிவுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. வேபெர்னைப் போலச் சிக்கனமாக எழுத அவர் முயலவே இல்லை. ஹார்ட்மனின் இசை கடைசிவரை பெருக்கெடுத்து ஓடுவது, புரூக்னரையும் மாலரையும் நினைவூட்டுவது. தமக்கு ஒத்துவராத ஒன்றைத் தேடிப்போய்க் கற்றுக்கொண்டு, தம் வழியிலேயே திரும்பி வந்தார்.

அரசரடி ஆர்கன் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் இங்கே ஒரு தேவாலயத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலாக ஆர்கன் வாசிக்கிறேன். வீட்டில் பழைய பியானோ ஒன்று இருக்கிறது. அதனால் அவருடைய பியானோ சொனாட்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன். அதன் பெயரே ஒரு தேதி: '1945 ஏப்ரல் 27'.

போர் முடியும் தறுவாயில் ஹார்ட்மன் குடும்பம் மியூனிக்குக்குத் தெற்கே ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரையில் மனைவி வீட்டாரின் இல்லத்தில் இருந்தது. அமெரிக்கப் படை நெருங்கி வந்ததால், டாஹௌ முகாமிலிருந்த கைதிகளை நாஜிக் காவலர்கள் தெற்கு நோக்கிக் கால்நடையாகவே ஓட்டிச் சென்றார்கள். ஏப்ரல் 27-உம் 28-உம் ஆகிய இரண்டு நாள்கள் அந்த மனித வரிசை ஹார்ட்மனின் வீட்டருகே கடந்து போயிற்று. முகாம் 29-ஆம் தேதி விடுவிக்கப்பட்டது. வழியில் விழுந்தவர்களுக்கு அந்த ஒரு நாள் கிடைக்கவில்லை. சொனாட்டாவின் தலைப்பில் அவர் எழுதியிருப்பதன் சாரம் இது: அந்த வெள்ளத்துக்கு முடிவில்லை, அந்த அவலத்துக்கு முடிவில்லை, அந்தத் துயரத்துக்கு முடிவில்லை.

மூன்றாம் பகுதி சவ ஊர்வல நடை. அதை வாசித்துப் பார்த்தபோது எனக்கு விரல்களில் சிரமம் ஏற்படவில்லை, பொறுமையில்தான் சிரமம் ஏற்பட்டது. பாமாலைப் பாட்டுகளை வாசித்துப் பழகிய கை, நான்கு அடி முடிந்ததும் ஓர் ஓய்விடத்தை எதிர்பார்க்கும். சபையார் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம் அது. இங்கே அத்தகைய இடத்துக்கு வந்துவிட்டோம் என்று கை நினைக்கும்போதெல்லாம் நடை தொடர்ந்துகொண்டே போகிறது. இடது கையின் கனத்த சுருதிகளை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முன்கை வலி எடுத்ததும் நிறுத்திவிட்டேன். நிறுத்திய பிறகுதான், நிறுத்த முடியாமல் நடந்தவர்களைப் பற்றிய பாட்டு இது என்பது உறைத்தது. இந்தப் படைப்பை அவர் தம் வாழ்நாளில் மேடைக்குக் கொண்டுவரவே இல்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் அது அரங்கேறியது.

மௌனத்தைப் பற்றிக் கேட்டீர்கள். என்னைக் கேட்டால், 1945-க்குப் பிறகு அவர் செய்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். கறை படியாதவர் என்பதால் அமெரிக்க நிர்வாகம் அவரை மியூனிக்கின் அரசு அரங்கில் பொறுப்பில் அமர்த்தியது. மேசைக்குள் 12 ஆண்டுப் படைப்புகள் அடுக்கி இருக்கின்றன. வேறொருவராக இருந்தால் முதல் வேலையாக அவற்றை எடுத்து மேடையேற்றியிருப்பார். அவரோ, நகரம் இடிபாடாகக் கிடந்த அந்த 1945 அக்டோபரிலேயே 'மூசிக்கா விவா' என்ற கச்சேரித் தொடரைத் தொடங்கி, ஜெர்மானியர்களின் காதுக்கு எட்டாமல் தடுக்கப்பட்டிருந்த மற்றவர்களின் இசையைக் கேட்கச் செய்தார். ஷேன்பெர்க், ஸ்ட்ராவின்ஸ்கி, பார்ட்டோக் ஆகியோரோடு, அப்போது இளைஞர்களாக இருந்த ஹென்ஸே, நோனோ, ஸெனாக்கிஸ், பெரியோ போன்றவர்களுக்கும் அங்கே இடம் கொடுத்தார். மிரோ, லெ கோர்புசியே, காக்தோ போன்ற கலைஞர்களையும் அந்தத் தொடரோடு இணைத்தார். 1963-இல் இறக்கும்வரை 18 ஆண்டுகள் அதை விடாமல் நடத்தினார். இன்றும் அது நடந்து வருகிறது. ஒரு கச்சேரிக்கு அரங்கம் பிடித்து, வாசிப்பவர்களைத் திரட்டி, கேட்பவர்களை அழைத்து வருவது எவ்வளவு வேலை என்பது, நம் ஊரில் ஒரு சபா நடத்துபவரைக் கேட்டால் தெரியும்.

மேசைக்குள் இருந்தவற்றை அவர் அப்படியே வெளியிடவும் இல்லை. பலவற்றைப் பிரித்து, மாற்றி, புதிய சிம்பொனிகளுக்குள் சேர்த்தார். 1930-களில் வால்ட் விட்மன் கவிதைகளைக் கொண்டு எழுதியது, திருத்தங்களுக்குப் பின் 1950-களில் 'ஓர் இரங்கல் இசைக்கான முயற்சி' என்ற பெயருடன் முதல் சிம்பொனி ஆயிற்று. ஸோலாவின் நாவலை ஒட்டி எழுதியிருந்த இன்னொன்று ஆறாவது சிம்பொனிக்குள் போயிற்று. எட்டுச் சிம்பொனிகளில் பலவற்றிலும் பழைய ஆண்டுகள் இப்படிப் புதைந்திருக்கின்றன.

திருநகர் இரசிகர் மீண்டும் எழுதியது:

மேலூர் அன்பர் சொன்னதை ஏற்கிறேன். எலிசபெத்தை நான் குறிப்பிடாமல் விட்டது என் பிழை.

ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவருடைய ஒரே முழுநீள ஓப்பெரா, அதாவது இசை நாடகம், 'சிம்ப்ளிசியஸ் சிம்ப்ளிசிஸிமுஸ்'. 1930-களின் நடுவில் எழுதப்பட்டு, போருக்குப் பிறகே ஜெர்மனியில் அரங்கேறியது. 17-ஆம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போரைப் பற்றிய பழைய ஜெர்மானிய நாவலிலிருந்து எடுத்த கதை. ஓநாய் எப்படி இருக்கும் என்று தெரியாத ஒரு பட்டிக்காட்டுச் சிறுவன், கொள்ளையடிக்க வந்த சிப்பாயைப் பார்த்து இதுதான் ஓநாய் போலும் என்று நினைத்துக்கொள்கிறான். அதன் தொடக்கத்தில் பாட்டுக்கு முன்பாக ஒரு கணக்குச் சொல்லப்படுகிறது: 1618-இல் ஜெர்மனியில் ஒரு கோடியே 20 இலட்சம் பேர் வாழ்ந்தார்கள், 1648-இல் 40 இலட்சம் பேரே மிஞ்சினார்கள். ஓப்பெரா முடியும்போதும் அதே கணக்கு திரும்ப வருகிறது. அடுத்த பெரும்போர் தொடங்குவதற்கு நான்கைந்து ஆண்டுகள் முன்பே ஒருவர் இதை எழுதிவைத்துவிட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. வாய்ப்பிருந்தால் அந்த முதல் ஐந்து நிமிடங்களையும் கூட்டத்தில் போட்டுக் காட்டுங்கள்.

செல்லூர்க்காரி மீண்டும் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கூட்டம் நேற்று மாலை நடந்து முடிந்தது. மௌனம் என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை. 'வாசிக்கக் கொடுக்க மறுத்த ஆண்டுகள்' என்று சொன்னேன். எலிசபெத்தின் பெயரைச் சொன்னேன். '1945 ஏப்ரல் 27' என்ற தேதியைச் சொல்லி, திருமங்கலம் கணக்கையும் சொன்னேன்.

படைப்பைப் போடுவதற்கு முன், அந்தச் செக் பாட்டின் முதல் இரண்டு அடிகளை நானே வாசித்துக் காட்டினேன். இதற்காக ஒரு வாரம் பழகினேன் என்றால் நம்பமாட்டீர்கள். மெட்டு மிக எளிது, கற்றுக்கொடுத்தால் ஒரு குழந்தைகூட ஒரு மணிநேரத்தில் வாசித்துவிடும். ஆனால் தரையில் உட்கார்ந்து, கருவியின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகப் பழகிய என் விரல், ஒவ்வொரு சுரத்திலும் கமகம் சேர்க்கப் பார்த்தது. அசைத்தால் முகாரியைப் போல உருகிவிடுகிறது. உருகினால் அது அந்தப் பாட்டு இல்லை. அசைக்காமல், நேர்சுரமாக, வில்லின் எடையை மட்டும் குறைத்து வாசித்தபோதுதான் அந்தக் குரல் வந்தது. என் குருநாதர் கேட்டுவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவளின் குரல் போல இருக்கிறது என்றார்.

எங்கள் கூட்டத்துக்கு வயதான நாகசுரக் கலைஞர் ஒருவர் வருவார். நல்லது கெட்டது இரண்டுக்கும் வாசித்து வாழ்ந்தவர். முழுப் படைப்பையும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசிப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். தொடையில் மெல்லத் தாளம் தட்டிக்கொண்டே வந்து, பாட்டின் ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே தந்திகள் நின்று போகிற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். "எங்க ஊர்லயும் தெருமுக்கு வந்தா பாடையை ஒரு நிமிஷம் இறக்குவாங்கம்மா, அந்த இடம் இது" என்றார். பிறகு அந்தப் பகுதியை மூன்றாம் முறையும் போட்டோம்.